ஆடுபுலி ஆட்டமும் ஒரு பாடமே

விளையாட்டை வகுக்கும் கலையும் இன்று ஒரு படிப்பே. தேசிய வடிவமைப்பு நிறுவனம் பெங்களூரில் கணினி விளையாட்டு வடிவமைப்பை முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கிறது. இளம் அறிவியல் முடித்ததும் அதில் சேர விழைகிறேன்.

ஆடு மேய்க்கும் என் தந்தையார், "விளையாடவா படிக்க வைத்தேன்?" என்றார். நரிக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தேன்: சந்திகள் 23, புலிகள் 3, ஆடுகள் 15.

ஆட்டின் மறுபுறம் காலியாயின் புலி தாவி வெட்டும். அங்கே துணையாடு நின்றால் தாவ இயலாது. வலிமையில் சமமற்ற இரு தரப்புக்கும் வெல்லும் வாய்ப்பைத் தருவது விதியே. அவ்விதியை வகுப்பதும், ஆடிப் பார்த்துத் திருத்துவதுமே வடிவமைப்பு.

"தனி ஆட்டை நரி பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா?" என்றவர், ஆட்டுக் காய்களை எடுத்தார். என் மூன்று புலிகளும் அடைபட்டன.

"சரி, படி" என்றார்.