கேபிளை வரைபடத்தில் அளக்காதீர்கள்

எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, கன்வேயரில் ஏறித்தான் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அதுபோன்ற நீண்ட கன்வேயர் ஒன்றின் பேனல்களைக் கட்டுப்பாட்டு அறையோடு புரொஃபிபஸ் என்ற தகவல்தொடர்பு கேபிளால் இணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் டேப்போடு வழிநெடுக நடந்து பாருங்கள். வரைபடத்தில் நான்கு பேனல்களுக்கு 60, 85, 70, 95 மீட்டர், மொத்தம் 310. ஆனால் கேபிள் ஒவ்வொரு பேனலிலும் இறங்கி, மறுபடி டிரேவுக்கு ஏறும். நான்கு துண்டுகளுக்கு எட்டு முனைகள். முனைக்கு 5 மீட்டர் என்றால் 40. பேனலுக்குள் விடும் சுருள் முனைக்கு 2 மீட்டர், அது 16. தூண்களைச் சுற்றிப்போக 30. ஆக 396 மீட்டர்!

இதை அளந்த பிறகே வேகத்தை முடிவு செய்யுங்கள். விநாடிக்கு 12 மெகாபிட் என்றால் ஒரு பிரிவுக்கு 100 மீட்டர்தான் எல்லை. 1.5 மெகாபிட்டுக்கு 200, 500 கிலோபிட்டுக்கு 400, 187.5 கிலோபிட்டுக்கு 1,000. நம் கணக்கு 400-க்குள் அடங்குகிறதே என்று 500-ஐ வைத்தால், நாளைக்கு இன்னொரு பேனல் சேர்க்க இடமில்லை. 187.5-ஐ வையுங்கள், கன்வேயருக்குப் பெரும்பாலும் அது போதும். ஒரு பிரிவில் ரிப்பீட்டரையும் சேர்த்து 32 கருவிகளுக்கு மேல் கூடாது. நடுவில் கிளை பிரிக்காதீர்கள்.

இரண்டு கடைசி முனைகளிலும் டெர்மினேஷன் வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். பராமரிப்புக்காக அடிக்கடி அணைக்கப்படும் பேனலைக் கடைசியில் வைத்தால், அதை அணைக்கும்போதெல்லாம் மொத்த வரிசையும் தடுமாறும்.

அடுத்து பாதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர், மணலிப் பகுதிகளில் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழைக்காலத்தில் தரைக் கால்வாய் நிரம்பும் இடத்தில் கேபிளை உயரத்தில்தான் கொண்டுபோக வேண்டும். உப்புக்காற்று டிரேவை அரிக்கும் என்பதால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த டிரேயே நல்லது. கிளாண்டைப் பேனலின் அடிப்பக்கம் வையுங்கள். கேபிள் சற்றுத் தாழ வளைந்து உள்ளே ஏறினால் வழியும் தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும். மின் கேபிளிலிருந்து 20 சென்டிமீட்டராவது விலகுங்கள். குறுக்கே கடந்தே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடந்து போங்கள். ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்யுங்கள். இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் செம்பை விட்டு ஃபைபருக்கு மாறிவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது மொத்த நீளத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு துண்டும் ஜாயின்ட் இல்லாமல் ஒரே டிரம்மிலிருந்து வெட்டப்பட வேண்டும்.

கடைசியாக, போட்ட பாதையையும் உண்மையான நீளங்களையும் வரைந்து, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவு ஷிப்டில் பழுது பார்க்க வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.