ஊர்ப்பணமும் ஒப்பந்தமும்

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. தன் பொருளைச் செலவிடும்போதே இத்துணைக் கருத்து வேண்டுமெனின், பிறர் பொருளைச் செலவிடும்போது எத்துணைக் கருத்து வேண்டும்! ஊராட்சியும் நகராட்சியும் செலவிடுவது பிறர் பொருளே. வீட்டுவரி செலுத்தும் செல்வரும், கடையில் சோப்பு வாங்கும்போது விலையோடு வரியையும் சேர்த்துக் கொடுக்கும் ஏழையும் அளித்த பணமே அது. அப்பணம் சாலையாகவும், சாக்கடையாகவும், தெருவிளக்காகவும், குடிநீர்க் குழாயாகவும் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிதல் குடிமக்கள் அனைவர்க்கும் கடமையாகும்.

நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர் 1917-ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று; 2008-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. பின்னலாடைத் தொழிலால் அதன் பெயர் உலகெங்கும் பரவியுள்ளது. அங்குள்ள பனியன் கம்பெனிக்கு அயல்நாட்டு வணிகர் எவ்வாறு ஆர்டர் தருகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். நூல் எத்தகையது, துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடையுடையது, சாயம் துவைத்தால் நிற்குமா, எத்தனை உருப்படிகள் வேண்டும், எந்நாளில் கப்பலேற வேண்டும் என்பனவற்றை அவர் எழுத்தில் குறிக்கிறார். பலரிடம் விலை கேட்கிறார். மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தருகிறார். சரக்கு ஆயத்தமானதும் தரம் பார்ப்போர் வந்து சோதிக்கின்றனர். குறையிருப்பின் சரக்கு திரும்பிவிடும்.

ஊரின் பொருட்டு வேலை செய்விப்பதும் இம்முறையைப் போன்றதே. ஆயினும், பெரியதொரு வேற்றுமை உண்டு. வணிகர் ஏமாந்தால் நட்டம் அவருடையது. ஆகவே, அவர் தாமே விழிப்பாயிருப்பார். மாநகராட்சியில் கையெழுத்திடும் அலுவலர்க்கோ, அது தம் கைப்பணம் அன்று. எனவே, வணிகர்க்கு இயல்பாக அமையும் விழிப்பை, ஆட்சியில் சட்டத்தால் அமைக்க வேண்டியதாகிறது.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. முதற்பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஏரி, தோட்டம், பொன் ஆகியவற்றைக் கண்காணித்த வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர். ஊர்ப்பணத்திற்குக் கணக்குக் காட்டாமை எத்துணைப் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது என்பதை இதனால் அறியலாம்.

நம் காலத்தில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1998-ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறைகளேயன்றி, உள்ளாட்சி அமைப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. மக்கள் ‘டெண்டர்’ என்று வழங்குவதே ஒப்பந்தப்புள்ளியாகும்.

ஒரு தெருவிற்குச் சாலை அமைக்க வேண்டுமெனக் கொள்வோம். முதலில் பொறியாளர் அளவெடுத்து, அரசின் விலைவிகித அட்டவணையைக் கொண்டு மதிப்பீடு ஆயத்தம் செய்வார். மன்றமும் உரிய அதிகாரிகளும் அதற்கு ஒப்புதல் அளிப்பர். பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு வெளியாகும். இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாளும் காலம் தரவேண்டுமென்பது விதி. நெருங்கியவர்க்கு மட்டும் முன்னரே செய்தி சொல்லிவிட்டு, மற்றவர் அறியுமுன் கதவடைக்கும் சூழ்ச்சிக்கு இவ்விதி ஒரு தடையாகும்.

போட்டியிடுவோர் முன்வைப்புத் தொகை செலுத்தித் தம் விலையைக் குறிப்பர். முன்னாளில் மூடி முத்திரையிட்ட உறைகள் பூட்டிய பெட்டியில் இடப்பட்டன. இன்று பெரும்பாலும் கணினி வழியே அளிக்கப்படுகின்றன. பெரிய பணிகளுக்கு இரண்டு உறைகள் உண்டு. தகுதியைக் காட்டும் உறை முதலில் திறக்கப்படும். தகுதி பெற்றவருடைய விலையுறை மட்டுமே பின்னர்ப் பிரிக்கப்படும். தகுதியுடையோருள் குறைந்த விலை கேட்டவருக்கே பணி உரியது. அவ்விலையும் மிகுதியெனத் தோன்றினால், அவர் ஒருவரிடம் மட்டுமே விலையைக் குறைக்குமாறு பேசலாம். முடிவினால் குறையுற்றவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பணி தொடங்கியபின் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் செய்த வேலையை அளந்து எழுதுவார். அதற்கேற்பவே பணம் வழங்கப்படும். பழுது தோன்றினால் சரி செய்விக்கும் பொருட்டுப் பிணைத்தொகை சில காலம் நிறுத்தி வைக்கப்படும்.

இத்தனை காவல் இருந்தும் தீமை நுழையும் வழிகள் உள. போட்டியாளர் தமக்குள் கூடிப் பேசி, ‘இம்முறை உனக்கு, அடுத்தமுறை எனக்கு’ என்று பங்கிட்டுக்கொள்வது ஒன்று. ஒரு பெரிய பணியைச் சிறு துண்டுகளாக்கிப் பொது அறிவிப்பைத் தவிர்ப்பது மற்றொன்று. குறிப்பிட்ட ஒருவர்க்கு மட்டுமே பொருந்துமாறு நிபந்தனை வகுப்பது மூன்றாவது.

குறைந்த விலையிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கலாம். பத்து இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சாலைக்கு ஒருவர் 9,80,000 ரூபாயும், மற்றொருவர் 9,60,000 ரூபாயும், மூன்றாமவர் 6,00,000 ரூபாயும் கேட்டால், மூன்றாமவரால் ஊருக்கு இலாபம் என்று மகிழலாமா? தாரும் கல்லும் எல்லார்க்கும் ஒரே விலைதானே! குறைந்த நான்கு இலட்சம் எங்கிருந்து வரும்? சாலையின் கனத்திலிருந்தே வரக்கூடும். அடுத்த மழையில் அவ்வுண்மை வெளிப்படும். இதனாலேயே மிகக் குறைத்துக் கேட்பவரிடம் கூடுதல் பிணைத்தொகை பெறும் வழக்கம் ஏற்பட்டது.

ஒப்பந்தத்தின் விளைவு ஒரு தெருவோடு நில்லாமல் ஒரு நகரத்தையே பற்றுவதும் உண்டு. திருப்பூரின் குடிநீர்த் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும். சாயக்கழிவால் நொய்யலும் நிலத்தடி நீரும் கெட்டன. சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கின. மக்கள் குடிநீருக்கு வருந்தினர். இந்நிலையைப் போக்க 1995-ஆம் ஆண்டில் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்னும் நிறுவனம் தோன்றியது. 2000-ஆம் ஆண்டில் அரசும் நகராட்சியும் அதனுடன் முப்பதாண்டு ஒப்பந்தம் செய்தன. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீர் கொணரத் திட்டமிடப்பட்டது. தொழிற்சாலைகள் மிகுந்த விலையும், வீடுகளுக்கான நீருக்குக் குறைந்த விலையும் என்பது ஏற்பாடு.

நீர் வந்தது, நகரம் பயன்பெற்றது. ஆனால், தொழிற்சாலைகள் வாங்கிய நீர் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. 2011-ஆம் ஆண்டு சனவரியில், கழிவைச் சுத்திகரியாத குற்றத்திற்காகச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, வாங்குவோர் மேலும் குறைந்தனர். திட்டத்தின் வருவாய் தளர்ந்தது. முப்பதாண்டுக்குச் செய்யும் ஒப்பந்தம், இன்னும் பிறவாதவரையும் கட்டுப்படுத்துகிறது. எனவே, மாறுதல் நேரின் நட்டத்தை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எண்ணி, மக்கள் அறிய எழுதுதல் வேண்டும். இதுவே அத்திட்டம் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

மாணவர்களே! இவையெல்லாம் பெரியவர்தம் வேலை என்று இருந்துவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒப்பந்த ஏடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்துள்ளது. நடைபெறும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியை முறைப்படி எடுக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. பொதுவாக முப்பது நாளுக்குள் விடை வர வேண்டும். சிற்றூர்களில் கிராமசபை கூடும்போது வரவு செலவைக் கேட்கலாம். பணி நடக்குமிடத்தில் வைத்துள்ள பலகையில் மதிப்பீடும், ஒப்பந்ததாரர் பெயரும் எழுதியிருப்பின், நின்று படிக்கப் பழகுங்கள்.

திருடரைப் பிடிப்பதற்கு மட்டுமே இவ்விதிகள் அமைந்தன என்று எண்ணுதல் தவறு. நேர்மையான அலுவலரைப் பழியினின்றும், நேர்மையான ஒப்பந்ததாரரை நியாயமற்ற போட்டியினின்றும் காப்பவையும் அவையே. ஒரு தையல் பிரிந்தால் ஆடை முழுவதும் பயனற்றுப் போவதைத் திருப்பூர்ப் பிள்ளைகள் நன்கறிவர். ஊர்ப்பணத்தின் கணக்கும் அத்தகையதே. ஒவ்வொரு தையலையும் பார்ப்பவர் இருந்தால் ஆடை நிலைக்கும். ஒவ்வொரு கணக்கையும் கேட்பவர் இருந்தால் ஊர் தழைக்கும்.

பயிற்சி

1. அயல்நாட்டு வணிகர் ஆர்டர் தருவதற்கும் மாநகராட்சி ஒப்பந்தம் அளிப்பதற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?
2. உத்திரமேரூர்க் கல்வெட்டால் நாம் அறிவது யாது?
3. மிகக் குறைந்த விலை எப்போதும் நன்மை பயக்குமா? காரணம் கூறுக.
4. திருப்பூர்க் குடிநீர்த் திட்டம் உணர்த்தும் பாடத்தை ஒரு பத்தியில் எழுதுக.
5. உங்கள் ஊரில் அண்மையில் நடந்த பொதுப்பணி ஒன்றைப் பார்வையிட்டு, அதனைப் பற்றிக் கட்டுரை வரைக.