முன்பல்லில் கை வைக்கும் முன்

கண்ணு,

முன்பல்லுக்கு எந்தப் பீங்கான் போடுவது என்று கேட்டிருந்தாய். கண்காட்சிக்குப் போனால் ஒவ்வொரு கம்பெனிக்காரரும் தன் பொருள்தான் உசத்தி என்பார். பெட்டி மேல் அச்சடித்த எண்களும் ஒன்றை ஒன்று விஞ்சும். நான் பெட்டியிலிருந்து தொடங்கமாட்டேன், வாயிலிருந்துதான் தொடங்குவேன். பெரியப்பா எழுதுவதை ஒரே மூச்சில் படித்துவிட்டு மூடி வைக்காதே. நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்து உட்காரும்போதெல்லாம் எடுத்துப் பார்.

1. பொருளைக் கடைசியில் தேர்ந்தெடு. முதலில் வந்தவரைப் பேசவிடு. பேசும்போது உதடு எவ்வளவு தூக்குகிறது, சும்மா இருக்கும்போது பல் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது, சிரித்தால் ஈறும் தெரிகிறதா என்று அவர் அறியாமல் கவனி. பள்ளி ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கும் கேப் போட்டுவிடுங்கள் என்றார். இன்னோர் இடத்தில் விலைகூடப் பேசி வைத்திருந்தார். அவசரப்படுத்தாமல் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் ஒரே ஒரு பல் உயிர் போய்க் கறுத்திருந்தது. அதை மறைக்கத்தான் எட்டும். அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, உள்ளே சோடியம் பெர்போரேட் வைத்து மூடி, சில வாரங்களில் நிறத்தைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்தோம். பீங்கானே தேவைப்படவில்லை. கை எவ்வளவு நன்றாக ஓடினாலும், காது கொடுக்கத் தெரியாதவருக்கு இந்தத் தொழில் முழுதாக வசப்படாது.

2. எனாமலைக் கஞ்சத்தனமாகச் செலவழி. ஒருமுறை சீவிய எனாமல் திரும்ப முளைப்பதில்லை. எங்கள் தலைமுறை முன்பல்லுக்கு உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட கேப்தான் போட்டது. அதற்கு முன்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும். அவ்வளவு சீவிப் போட்டாலும், வருடங்கள் போய் ஈறு விலகினால் விளிம்பில் ஒரு சாம்பல் கோடு எட்டிப் பார்க்கும். இன்று 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வெனீரை ஒட்டி உன்னால் அதே அழகைக் கொண்டுவர முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் நெடிய உழைப்பு இருக்கிறது. 1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் நடிகர்களின் பல்மேல் மெல்லிய தகடுகளைப் பல்செட் ஒட்டும் பவுடரால் ஒட்டிவிடுவார். அது படப்பிடிப்பு முடியும்வரைதான் தாங்கும். 1955-இல் பியூனோகோர் எனாமலை அமிலத்தால் அரித்தால் பிசின் பிடிக்கும் என்று காட்டினார். பீங்கானின் உட்பக்கத்தையும் அரித்து ஒட்டலாம் என்று சைமன்சனும் கலமியாவும் எழுதியது 1983-இல். அந்த ஒட்டு முழு வலுவோடு நிற்பது எனாமல் மேல்தான். டென்டின் வரை சீவிவிட்டுப் பசையைக் குறை சொல்லாதே. ஈறோரத்தில் எனாமலே அரை மில்லிமீட்டர் தேறாது என்பதைப் பர் எடுக்கும்போதே மனசில் வை.

3. பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதே. வளைத்து உடைக்கும் சோதனையில் ஃபெல்ட்ஸ்பார் போர்சலின் 100 மெகாபாஸ்கலைத் தொடாது. லூசைட் கலந்தது 120 முதல் 160 வரை போகும். லித்தியம் டைசிலிகேட் ஏறத்தாழ 400. ஜிர்கோனியாவோ ஆயிரத்தையும் தாண்டும். இதை மட்டும் பார்க்கிறவர் எல்லாருக்கும் ஜிர்கோனியா போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். ஆனால் கண்ணாடித் தன்மை கூடக் கூட வலு குறையும், ஒளி உள்ளே நுழையும். அமிலம் அந்தக் கண்ணாடியை அரிக்கும், அதனால் பல்லோடு ஒன்றாக ஒட்டும். எனாமலோடு ஒட்டிவிட்ட ஃபெல்ட்ஸ்பார் வெனீருக்குத் தாங்கும் பலத்தைப் பல்லே கொடுக்கிறது. தனியாக மேசைமேல் வைத்து உடைத்துப் பார்த்த எண் அதற்குப் பொருந்தாது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். அடிப்பல் நல்ல நிறம், எனாமல் நிறைய இருக்கிறது, வடிவத்தையோ இடைவெளியையோ மட்டும் திருத்தினால் போதும் என்றால் ஃபெல்ட்ஸ்பார், அதுவும் அதைக் கையால் அடுக்கத் தெரிந்த டெக்னீஷியன் கிடைத்தால் மட்டும். விளிம்பை நீட்ட வேண்டும், பாதிப் பல் உடைந்திருக்கிறது, கேப்பே வேண்டும் என்றால் லித்தியம் டைசிலிகேட். இன்று பெரும்பாலான வாய்களுக்கு இதுவே போதுமானது. அழுத்திக் கடிக்கிறவர், பல்லின் உயரம் குறைந்து பசையை நம்ப முடியாத நிலை, பல் இல்லாத இடத்துக்குப் பாலம் என்றால் ஜிர்கோனியா. அதிலும் ஒன்று போல் எல்லாம் இல்லை. யிட்ரியா 3 மோல் சதவீதம் உள்ளது வலுவானது, ஆனால் மங்கலாகத் தெரியும். 5 சதவீதம் உள்ளதில் ஒளி புகும், வலுவோ 500 முதல் 700 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். லேப்புக்கு எழுதும்போது வெறுமனே ஜிர்கோனியா என்று எழுதாதே. எந்த வகை என்று எழுது.

4. அடியில் என்ன நிறம் என்று கேள். மெல்லிய, ஒளி புகும் பீங்கான் ஒன்றையும் மறைக்காது. நீ தருமபுரிப் பக்கம் கிளினிக் போட்டிருப்பதால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 என்பதுதான் நம் நாட்டுத் தர அளவு. ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அதற்கு முன் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் கறை பல் உருவாகும்போதே விழுந்துவிட்டது. பேசும்போதே மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துப் பேசும் பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. கவனித்தால் உனக்குத் தெரியும். ஒரு பாவமும் அறியாதவர்கள் அவர்கள். "பல் தேய்க்கமாட்டாயா" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரவே கூடாது.

லேசான கறை என்றால் பர்ரைத் தொடாதே. மேற்பரப்பை மெல்ல உரசி எடுப்பது, வெளுப்பது, பிசினை ஊடுருவ விடுவது என்று படிகள் இருக்கின்றன. வெளுத்தால் இரண்டு வாரமாவது பொறு. அதற்குள் நிறமும் நிலைக்காது, பசையும் சரியாகப் பிடிக்காது. இவர்களுடைய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது என்பதால் அரிக்கும் நேரமும் கூட வேண்டியிருக்கும். ஆழ்ந்த பழுப்பு என்றால், ஒரு ஷேடு மாற்ற 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்ற கணக்கைப் போட்டுப் பார். எத்தனை ஷேடு மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு சீவ வேண்டும் என்பது தெரிந்ததும், ஒளி குறைவாகப் புகும் வகையை எடுப்பதா, முழுக் கேப்புக்குப் போவதா என்பது தானே முடிவாகும். உள்ளே உலோகப் போஸ்ட் வைத்த பல்லுக்கு ஒளி புகும் பீங்கானைப் போட்டால் சாம்பல் பூத்துத்தான் நிற்கும்.

5. ஷேடு பார்ப்பதை முதல் வேலையாக வை. மரத்துப்போக ஊசி போடுமுன், பஞ்சு வைக்குமுன் பார். பல் காய்ந்தால் வெளுப்பாகத் தெரியும், நீ ஏமாந்துவிடுவாய். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல். அரக்குப் பட்டு, மயில் பச்சை என்று எந்தப் புடவை கட்டி வந்தாலும் கழுத்திலிருந்து ஒரு சாம்பல் நிறத் துணியால் மூடு. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சமா இருட்டா என்பதை முதலில் முடிவு செய். மஞ்சளா சிவப்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வெளிச்சத்தின் அளவு பிசகினால் தெருவிலிருந்தே தெரிந்துவிடும், சாயல் கொஞ்சம் பிசகினால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஐந்து விநாடி பார், கண்ணை எடு, மறுபடி பார். ஷேடு பட்டையைப் பல்லோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பு. சீவிய பிறகு அடிப்பல்லின் நிறத்தையும் தனியாக எடுத்து அனுப்பு. பலர் இதை மறந்துவிட்டு லேப்பைத் திட்டுகிறார்கள்.

6. லேப்புக்குப் போய் உட்கார். போனிலேயே அதட்டி வேலை வாங்காதே. எனக்கு வாய்த்த டெக்னீஷியன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். பல்லின் உள்ளே ஒளி எப்படி நடக்கிறது என்பதை அவரிடம்தான் கற்றேன். தூரிகை நுனியில் ஈரப் போர்சலின் மாவைத் தொட்டு வைப்பார். கருவியின் கைப்பிடியால் லேசாகத் தட்டுவார். மேலே கசியும் நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுப்பார். மறுபடி மாவு, மறுபடி தட்டு. சூளையில் சுருங்கும் என்பதால் பல்லைவிடப் பெரிதாகவே கட்டுவார். வெட்டும் விளிம்பில் ஒரு நீலச் சாயை வேண்டும், அதற்கு உள்ளே மூன்று மேடுகளின் நிழல் வேண்டும், ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெண்கோடு வேண்டும் என்பார். ஜிர்கோனியா மேல் போர்சலின் அடுக்கிச் சுட்டால் சூளையைச் சட்டென்று திறக்கவே மாட்டார். ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்; அவசரமாக ஆறவைத்தால் மேல் போர்சலினில் இறுக்கம் தங்கி, பின்னாளில் வாயில் சில்லுச் சில்லாகப் பெயரும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்ற கதைதான். இன்று மில்லிங் இயந்திரம் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது, நல்லதே. ஆனாலும் ஒற்றை முன்பல்லை, அதன் ஜோடிப் பல்லுக்குப் பக்கத்தில் பொருத்திக் காட்டுவது இன்னமும் கைத்தொழில்தான். அந்தக் கைக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடு.

7. போட்டுக் காட்டிவிட்டுச் சீவு. மெழுகில் வடித்ததை அச்செடுத்து, தற்காலிகப் பிசினால் பல்மேலேயே மாக்-அப் போடு. அதோடு பேசச் சொல். "வாழை", "வெள்ளை" என்னும்போது மேல்பல்லின் விளிம்பு கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும், குத்தக் கூடாது. "சரசர" என்றால் சீழ்க்கை வரக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல். மனைவியோ அம்மாவோ "இது நீ மாதிரியே இல்லையே" என்றால், நீளம் கூடிவிட்டதென்று பொருள். குறைத்துவிடு.

8. எதிர்ப்பல்லையும் இரவையும் விசாரி. விளிம்பு தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, காலையில் தாடை வலிக்கிறதா, கொட்டைப்பாக்கு கடிப்பாரா, பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பாரா? கேட்டால்தான் சொல்வார்கள். பல்லைக் கடிக்கிறவருக்கு எந்தப் பீங்கான் போட்டாலும் இரவில் போடும் தகட்டையும் சேர்த்தே கொடு. ஜிர்கோனியாவைப் பொருத்தியபின் உரச வேண்டி வந்தால், கண்ணாடிபோல் மெருகேற்றாமல் அனுப்பாதே. மெருகேற்றியது எதிர்ப்பல்லை வருத்தாது, சொரசொரப்பாக விட்டது அரம் போல் தின்னும்.

9. ஒட்டும் நாளில் அடுத்தவருக்கு நேரம் கொடுக்காதே. என் பேராசிரியர் வெனீர் ஒட்டும் அன்று காத்திருப்பு அறையைக் காலியாகவே வைத்திருப்பார். அந்த நிதானம் அவர் கையிலும் தெரியும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீத ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் 20 விநாடி. ஃபெல்ட்ஸ்பாருக்கு அதைவிட அதிக நேரம். பிறகு சைலேன். ஜிர்கோனியாவை இந்த அமிலம் அரிக்காது. வாயில் போட்டுப் பார்த்து முடித்தபின், 50 மைக்ரான் அலுமினாவைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, எம்டிபி உள்ள பிரைமர் பூசு. எச்சில் பட்ட ஜிர்கோனியாவைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவிவிடாதே, பிரைமர் பிடிக்க வேண்டிய இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும். வெனீருக்கு ஒளியால் மட்டும் இறுகும் பசையே நல்லது, நிறம் நிலைக்கும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைச் சாதாரணமாக நினைக்காதே, கண்ணு. தோலில் பட்டால் உடனே வலிக்காமலே உள்ளே இறங்கும். கையுறை, கண்ணாடி, பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல், மூன்றும் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதே.

10. வேண்டாம் என்று சொல்லப் பழகு. கல்லூரி சேரும் வயதில் பல் உடைந்து வருகிற பிள்ளைக்குக் காம்போசிட் வைத்துக் கட்டு. உள்ளே நரம்பறை இன்னும் பெரிது, முன்னால் வாழ்நாள் முழுக்கக் கிடக்கிறது. ஆரோக்கியமான பல்லைச் சினிமா வெள்ளைக்காகச் சீவச் சொன்னால், இன்னொரு முறை யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பு. சிலர் திரும்ப வரமாட்டார்கள். அந்த மாதம் வாடகைக்கு யோசனையாகத்தான் இருக்கும். உன் பெரியம்மாவைக் கேட்டால் எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்வாள்.

11. எழுதிக் கொடு. எந்தப் பல், எந்தப் பீங்கான், எந்த வகை, ஷேடு, என்ன பசை, எந்தத் தேதி என்று ஓர் அட்டையில் எழுதி அவர் கையில் கொடு, ஒரு நகலை நீ வை. அவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய், அங்கே விளிம்பு சில்லாகப் பெயர்ந்தால், பழுது பார்க்கிறவர் முதலில் கேட்பது உள்ளே இருப்பது கண்ணாடி வகையா ஜிர்கோனியாவா என்பதைத்தான். ஒட்டும் முறையும் கழற்றும் முறையும் அதைப் பொறுத்தே மாறும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுது. பர்சில் வைக்கிற அளவுக்கு இருக்கட்டும்.