பேரேட்டின் சாவி யாரிடம்?

சென்ற தை மாதம், சம்பா அறுவடை நேரத்தில், என் மண்டியின் கணினிப் பேரேடு திறக்க மறுத்துவிட்டது. மென்பொருளின் ஆண்டுச் சந்தா முடிந்திருந்தது. சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கிக் கணக்கு முழுவதும் அதற்குள். பணம் கட்டித்தான் மீட்டேன்.

மூடிய மென்பொருளில் சாவி விற்றவரிடமே இருக்கும். திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் பார்க்கலாம். செய்தவர் கைவிட்டாலும் வேறொருவர் திருத்தலாம். நமது எல்காட் நிறுவனமே லினக்சுக்கு மாறியது. லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழிலும் உண்டு. ஆனால் பழுது பார்க்க ஆளை நாம்தான் தேட வேண்டும்!

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டும். எந்த மென்பொருளானாலும், பேரேட்டை சி.எஸ்.வி. கோப்பாக எடுக்க முடியுமா என்று வாங்குமுன் கேளுங்கள். நான் சனிக்கிழமைதோறும் அப்படி எடுத்து, பென் டிரைவில் போட்டு, கல்லாப்பெட்டியில் வைக்கிறேன்.