வாகனத்தில் துருவும் கம்பெனியின் உத்தரவாதமும்

முன்னாட்களில் கிராமத்தின் விளைபொருள்கள் மாட்டு வண்டியை நம்பியே சந்தைக்குச் சென்றன. இன்று அந்த இடத்தைச் சிறு வேன்கள் ஏற்றுள்ளன. கத்தரிக்காயும், மல்லிகைப் பூவும், பால் கேன்களும் பொழுது விடியுமுன் நகரத்தை அடைவது இவற்றினால்தான். குப்பை சேகரிப்பதற்கும் சாமான்கள் ஏற்றுவதற்கும் பஞ்சாயத்துகளும் வாகனங்களை வைத்திருக்கின்றன. விவசாயக் குடும்பத்துக்கு வேன் என்பது நிலத்துக்கு அடுத்தபடியான முதலீடு. அதுவும் பெரும்பாலும் கடன் பெற்று வாங்கியது. தவணைகள் தீருமுன்பே கதவின் தகடு துருப்பிடித்து உதிரத் தொடங்கினால், அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்? இக்குறையைக் கம்பெனியின் செலவிலேயே சீர்செய்துகொள்ள வழியுண்டா? வழியுண்டு. ஆனால் அவ்வழியில் செல்லச் சில முறைகளை அறிந்திருத்தல் அவசியம். அவற்றை இங்கே ஆராய்வோம்.

துரு எவ்வாறு உண்டாகிறது?

இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுகூடுமிடத்தில் துரு உண்டாகிறது. உப்பு சேர்ந்தால் அதன் வேகம் பன்மடங்காகும். கடற்காற்றின் வன்மைக்குப் பாம்பன் ரயில் பாலமே சான்று. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலம் காலமெல்லாம் துருவோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற பகுதிகளில் வேன் வைத்திருப்போர் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். கடலுக்குத் தொலைவிலுள்ளோரும் அஞ்சாமல் இருத்தற்கில்லை. மீன் பெட்டியிலிருந்து வடியும் நீர், பொட்டாஷ் முதலிய உரங்கள், எரு, குப்பையிலிருந்து கசியும் சாறு ஆகிய யாவும் தகட்டை அரிப்பவையே.

இதனைத் தடுக்கவே தொழிற்சாலையில் தகட்டின்மீது பல பூச்சுகள் இடப்படுகின்றன. சில தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சும் உண்டு. துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும் இயல்புடையது. அதன்மேல் துருத்தடுப்புப் பூச்சும், நிறப் பூச்சும் வருகின்றன. இப்பூச்சு எவ்விடத்திலேனும் சரிவரச் சென்று சேராவிடில், அங்கே துரு உள்ளிருந்தே தொடங்குகிறது. துரு இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வதால் மேற்பூச்சைத் தள்ளி எழுப்பும். வெளியே ஒரு சிறு கொப்புளமாக நம் கண்ணிற்படுவது அதுவே.

எது உற்பத்திக் குறை?

எல்லாத் துருவும் கம்பெனியின் குறையாகாது. கல் தெறித்த இடத்திலும், மூட்டை இழுத்துக் கீறல் விழுந்த இடத்திலும் துரு தோன்றினால் அது உபயோகத்தால் வந்தது. கீறலே இல்லாத இடத்தில் பூச்சு கொப்புளித்தாலோ, கதவின் அடிமடிப்பிலும் இரு தகடுகள் சேரும் இணைப்பிலும் வெல்டிங் புள்ளிகளைச் சுற்றியும் துரு கசிந்தாலோ, வலப்புறமும் இடப்புறமும் ஒரே இடத்தில் ஒரே விதமாகக் குறை தென்பட்டாலோ, அது உற்பத்திக் குறையாக இருத்தல் கூடும். இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்ட வல்லவருக்கே உத்தரவாதம் பயன் தரும்.

வண்டியுடன் தரப்படும் உத்தரவாதப் புத்தகத்தைப் பலர் பிரித்தும் பார்ப்பதில்லை. அதில் நான்கு விஷயங்களைக் கட்டாயம் படித்தறிய வேண்டும். முதலாவது, காலமும் கிலோமீட்டர் அளவும். இரண்டாவது, மேற்பரப்புத் துருவுக்கும், தகடு உள்ளிருந்து வெளியே துளைபடுவதற்கும் வெவ்வேறு விதிகள் உண்டா என்பது. மூன்றாவது, எவ்வெவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்பது. விபத்து, இரசாயனப் பொருள், வெளியாரின் பழுதுவேலை ஆகியன இப்பட்டியலில் இருப்பது வழக்கம். நான்காவது, குறித்த காலத்தில் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சர்வீஸ் செய்யவேண்டும் என்ற நிபந்தனை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சரக்குப் பெட்டியை வெளிப் பட்டறையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. நாமக்கல், கரூர்ப் பகுதிகள் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அவ்வாறு கட்டிய பெட்டிக்கு வண்டிக் கம்பெனி பொறுப்பேற்பது அரிது. ஆகவே பாடி கட்டுவோரிடமும் எழுத்து மூலமாக உத்தரவாதம் பெறுதல் நலம்.

இரு சகோதரர்கள்

உதாரணமாக, ஒரு கடலோரக் கிராமத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் ஒரே மாதிரியான இரு வேன்களை வாங்கியதாகக் கொள்வோம். இரண்டாம் ஆண்டில் இருவர் வண்டியிலும் கதவின் அடியில் கொப்புளங்கள் தோன்றுகின்றன. அண்ணன் சுறுசுறுப்பானவர். அன்றே உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பட்டி வைத்து, உள்ளூரில் பெயிண்ட் அடித்துவிடுகிறார். ஆறு மாதங்களில் துரு மீண்டும் வருகிறது. அப்போது கம்பெனிப் பட்டறைக்குச் செல்கிறார். "வெளியில் வேலை செய்திருக்கிறீர்கள், இதற்கு உத்தரவாதம் இல்லை" என்று விடை வருகிறது. துரு எங்கே தொடங்கிற்று என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அவர் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்!

தம்பி வண்டியைத் தொடவில்லை. கொப்புளத்தின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் புகைப்படம் எடுக்கிறார்; பதிவெண் தெரியும்படி மற்றொன்றும் எடுக்கிறார். அந்த வாரமே பட்டறைக்குச் செல்கிறார். "கீறல் இல்லாத இடத்தில், இரு கதவுகளின் அடிமடிப்பிலும் துரு" என்று ஜாப் கார்டில் எழுதச் செய்து, ஒரு பிரதியைப் பெற்றுக்கொள்கிறார். விற்பனை ரசீது, உத்தரவாதப் புத்தகம், சர்வீஸ் சீட்டுகள் யாவும் அவரிடம் ஒரே உறையில் இருக்கின்றன. உத்தரவாதக் காலம் முடியுமுன் முறையிட்டார் என்பதற்கு அந்த ஜாப் கார்டே ஆதாரம். அவருடைய கோரிக்கையைக் கம்பெனி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இருவருக்கும் நேர்ந்த குறை ஒன்றே. நடந்துகொண்ட முறைதான் வேறு.

பழுது பார்க்க இசைந்தபின்னும் கவனம் தேவை. துருவின்மேல் பெயிண்ட் அடித்து அனுப்புவது பழுதுபார்த்தல் ஆகாது. அரிக்கப்பட்ட பாகத்தை வெட்டி நீக்கியோ, கதவையே மாற்றியோ, உட்குழிவுகளில் மெழுகு போன்ற துருத்தடுப்புப் பூச்சு இட்டோ வேலை நடைபெற வேண்டும். செய்த வேலை என்ன, அதற்கு எத்தனை காலம் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கவேண்டும்.

மறுத்தால் என்ன செய்வது?

மறுப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்குச் சில வசதிகளை அளித்துள்ளது. கம்பெனி எங்கிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அவர் வழக்கிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாயே. குறையை ஆய்வுக்கூடச் சோதனையினால்தான் அறிய முடியுமெனில், ஆணையமே அதற்கு அனுப்பலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்பதை மறக்கலாகாது.

"வேன் வியாபாரத்துக்கு வாங்கியது, நீர் நுகர்வோர் அல்லர்" என்று சிலர் வாதிடக்கூடும். தம் ஜீவனத்துக்காக மட்டுமே, சுயதொழிலாக வண்டியைப் பயன்படுத்துவோர் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே வண்டியைத் தாமே ஓட்டித் தம் விளைபொருளை ஏற்றிச் செல்லும் விவசாயி இவ்வாதத்தைக் கேட்டுப் பின்வாங்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்து வாகனமாயின், வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடுதல் தகாது. குறையைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிந்து, பஞ்சாயத்தின் பெயரிலேயே கடிதம் அனுப்புதல் வேண்டும். தலைவரும் செயலரும் மாறலாம், பதிவேடு மாறாது.

நமது பங்கு

உரிமையைக் கோருவோர் கடமையையும் செய்தல் வேண்டும். உப்புநீரோ உரமோ பட்ட வண்டியின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரால் கழுவுக. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபடாமல் பார்த்துக்கொள்க. ஈரச் சாக்கைத் தரையில் விரித்தபடி விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை மடிப்புகளையும் இணைப்புகளையும் பார்வையிட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். பராமரிப்பில் குறையில்லை என்று காட்ட அக்குறிப்பே உதவும்.

துரு சிறிதாக இருக்கும்போதே பேசத் தொடங்குபவருக்குத்தான் உத்தரவாதம் துணை நிற்கும். தகடு உதிர்ந்து, காலமும் கடந்தபின் கையிலுள்ள புத்தகம் வெறும் காகிதமே. இன்று மாலை வண்டி வீடு திரும்பியதும், கதவின் அடிமடிப்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அதன்பின் உத்தரவாதப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள்.