நற்பண்பின் நாற்றங்கால்

செம்பனை விதை முளைத்தவுடனே அதனை எவரும் தோட்டத்தில் நட்டுவிடுவதில்லை. நாற்றங்காலில், மண் நிறைத்த பைகளில் வைத்து, நிழலும் நீரும் அளவறிந்து கொடுத்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பேணுகின்றனர். அங்கே நலிந்த கன்று பின்னர்த் தேறுவது அரிது. அங்கே உரம் பெற்ற கன்றோ ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பயன் தரும். அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துப் பெற்றோருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

தொடக்கப்பள்ளியும் அத்தகைய ஒரு நாற்றங்காலே. ஏழாம் வயதில் நுழைந்து பன்னிரண்டாம் வயதில் வெளியேறும் குழந்தை, எழுத்தையும் எண்ணையும் மட்டுமன்றி, வாழும் முறையையும் அங்கேயே கற்கின்றது. இந்த உண்மையை நன்குணர்ந்து தொடங்கப்பெற்றவை கிறிஸ்துவத் தொடக்கப்பள்ளிகள். நமக்கு அண்மையிலுள்ள காப்பாரில் மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளி உள்ளது. ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளிகளைத் தோற்றுவித்த கொள்கை யாது? அதிலிருந்து எல்லாப் பள்ளிகளும், எல்லா இல்லங்களும் கொள்ளத்தக்கது யாது? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பள்ளியின் பண்பு என்பது யாது?

பள்ளிச் சுவரில் மாட்டிய படத்திலோ, வாயிலில் எழுதிய குறிக்கோளிலோ, காலையில் ஓதும் வழிபாட்டிலோ மட்டும் ஒரு பள்ளியின் பண்பு அடங்கிவிடுவதில்லை. ஆசிரியர் அறையில் இல்லாத வேளையில் மாணவர் எங்ஙனம் நடந்துகொள்கின்றனர்? படிப்பில் கடைசியாக நிற்கும் பிள்ளையை ஆசிரியர் எங்ஙனம் அழைக்கின்றார்? அழுக்குச் சட்டையோடு வந்த சிறுவனின் அருகில் அமர யார் முன்வருகின்றனர்? இவற்றிற்குக் கிடைக்கும் விடையே அப்பள்ளியின் பண்பு. அது பாடநூலில் இல்லை, பழக்கத்தில் இருக்கின்றது.

ஒன்பது மாணவியர்

1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு, தமிழ் கற்க விரும்பிச் சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார் என்பது வரலாறு. கற்பிக்க வந்தவர் முதலில் கற்பவராகத் தாழ்ந்து அமர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே பெண்குழந்தைகளுக்கும் அங்கே பள்ளி ஏற்பட்டது.

நம் பகுதிக்கு அண்மையில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் காண்போம். 1887-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய மாது மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராகச் சிங்கப்பூர் வந்தார். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது வேண்டாத வேலை என்று பலரும் எண்ணிய காலம் அது. எனினும், அங்கு வாழ்ந்த தமிழ் வணிகர் சிலர் தம் பெண்மக்களும் கற்க வேண்டும் என்று விரும்பினர். அவர்கள் ஆதரவோடு ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஷார்ட் வீதியிலிருந்த ஒரு கடைவீட்டில் 'தமிழ்ப் பெண்கள் பள்ளி' தொடங்கியது. முதல் நாள் வந்தவர் ஒன்பது மாணவியரே! அப்பள்ளியே பின்னர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்து இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

பிற்காலத்தில், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தால் நம் முன்னோர் பலர் எழுத்தறிவு பெற்றனர். அதற்கு நாம் நன்றியுடையோம். எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சட்டம் பத்துப் பிள்ளைகளை எண்ணிய பின்னரே பள்ளி கேட்டது. அன்போ ஒன்பதிலேயே தொடங்கிவிட்டது. சட்டம் கொட்டகை எழுப்பும். அதனுள் பண்பை எழுப்புவது மனிதர் கடமை.

துண்டு ஏந்திய ஆசிரியர்

இப்பண்பின் ஊற்று எங்கே? விவிலியத்தில் யோவான் எழுதிய நற்செய்தியில் ஒரு காட்சி வருகின்றது. தம் வாழ்வின் கடைசி இரவில் இயேசு பெருமான் துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்து, தம் மாணாக்கரின் கால்களைக் கழுவினார். அந்நாட்டில் அது வேலையாள் செய்யும் தொழில். போதகர் செய்யலாமா என்று மாணாக்கர் ஒருவர் தடுத்தார். தாம் செய்ததையே அவர்களும் ஒருவருக்கொருவர் செய்யவேண்டும் என்பது ஆசிரியரின் விடை.

லூக்கா எழுதிய நற்செய்தியில் மற்றோர் உவமை உண்டு. நூறு ஆடுகளை உடைய மேய்ப்பன் ஒன்றைக் காணாதபோது, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிச் செல்கின்றான்.

இவ்விரண்டையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தால் நமக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. எந்த வேலையும் இழிந்ததன்று என்பது ஒன்று. எந்தப் பிள்ளையும் விடத்தக்கதன்று என்பது மற்றொன்று. வகுப்பறையைக் கூட்டும் முறை வரும்போது வகுப்புத் தலைவனும் துடைப்பத்தை எடுத்தல் வேண்டும். தேவையானால் ஆசிரியரும் எடுத்தல் வேண்டும். பால்மரம் வெட்டும் கையையும், செம்பனைக் குலை அறுக்கும் கையையும் மதிக்கும் உள்ளம் அங்கேதான் பிறக்கும்.

நாம் கற்ற பாடம்

இதனை எழுதும் நாமே இவ்விரண்டாம் விதியைத் தவறவிட்டதுண்டு. வெட்கத்தோடு அதனை இங்கே கூறுகின்றோம்.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு தோட்டப்பள்ளியில், நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் காலந்தாழ்த்தி வந்தான். காரணம் கேட்டால் தலை குனிவான், வாய் திறவான். அடங்காதவன் என்று நாம் முடிவு செய்தோம். ஒரு வாரம் முழுவதும் முதற்பாடம் முடியும்வரை அவனை வாயிலில் நிற்க வைத்தோம். அந்த வாரம் நடத்தியதோ 'இரக்கம்' என்னும் பாடம்!

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு வரும் வழியில், ஆயாக் கொட்டகை வாயிலில் அவனைக் கண்டோம். இடுப்பில் ஒரு தங்கை, கையில் பாற்புட்டி. தந்தை நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். தாயார் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிடுவார். குழந்தையைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்து, ஆயாவிடம் ஒப்படைத்த பின்னரே அவன் பள்ளிக்கு ஓடி வந்தான். வீட்டின் நிலையைப் பிறர் அறிதல் கூடாது என்று தாயார் சொல்லியிருந்தமையால் வாய் திறக்கவில்லை.

அன்று வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "தவறு எங்களுடையது, தம்பி" என்று கூறினோம். வீட்டுச் செய்தியை வெளியிடவில்லை. அவனுக்காக முதற்பாடத்தை இடைவேளையில் மீண்டும் நடத்தினோம். அவன் அன்று மட்டும் அழுதான். வாயிலில் நின்ற நாள்களில் அழவில்லை. வகுப்பிலிருந்த பிள்ளைகள், இரக்கத்தைப் பற்றி நாம் சொன்னதை மறந்திருக்கலாம். ஆசிரியர் பிழை ஒப்புக்கொண்டதை மறந்திருக்கமாட்டார்கள். தண்டிக்குமுன் வினவுவதும், தவறினால் மன்னிப்புக் கேட்பதும் பெரியோருக்குச் சிறுமையல்ல என்பதை அன்று நாமே கற்றோம்.

கட்டாயம் இல்லை

"கிறிஸ்துவப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை மதம் மாறிவிடுமோ?" என்று பெற்றோர் சிலர் அஞ்சுவதுண்டு. அச்சத்திற்கு இடமில்லை. நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, ஒருவர் தம் சமயமல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ, அதன் வழிபாட்டில் பங்குபெறவோ கட்டாயப்படுத்தப்படலாகாது என்று கூறுகின்றது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்பதும் அதே பிரிவில் உள்ளது. 1970-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா, இறைநம்பிக்கையில் தொடங்கி நன்னடத்தையிலும் ஒழுக்கத்திலும் முடிகின்றது. எச்சமயத்தார்க்கும் பொதுவான பாதை அது.

உண்மையான அன்பு கட்டாயத்தை விரும்புவதுமில்லை. தமிழ்நாட்டில் போதகராகவும் ஆசிரியராகவும் விளங்கிய ஜி. யு. போப், திருக்குறளைப் பயின்று, அதன் பெருமையை உலகறிய 1886-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தம் சமயத்தில் உறுதியாக நின்றவர், பிறர் கருவூலத்தையும் போற்றினார். அருகிலிருக்கும் மாணவன் திருநீறு அணிந்திருப்பினும், தொப்பி அணிந்திருப்பினும், சிலுவை அணிந்திருப்பினும் அவன் பசியும் கண்ணீரும் ஒன்றே.

இல்லமும் பள்ளியும்

நாற்றங்காலில் வளர்த்த கன்றைக் களை மண்டிய நிலத்தில் நட்டால் பயன் என்ன? பள்ளியில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளையிடம், வீட்டில் சாதிப் பெயரைச் சொல்லி அவன் தோழனை இகழ்ந்தால், ஆறாண்டு உழைப்பும் ஒரு மாலையில் வீணாகும். பள்ளியில் உண்மை பேசப் பழகிய பிள்ளையிடம், கடன்காரர் வந்தால் "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனக் கற்பித்தால், அவன் எதனை நம்புவான்? பெற்றோரே, உங்கள் நடத்தையே பிள்ளையின் முதற்பாடநூல்.

மாணவச் செல்வங்களே! நாள்தோறும் உறங்குமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒருவரும் பாராத வேளையில் இன்று நான் உண்மையாக நடந்தேனா?
2. பின்தங்கிய ஒருவருக்காக இன்று நான் ஒரு நிமிடமேனும் நின்றேனா?
3. செய்த தவற்றை இன்று நான் ஒப்புக்கொண்டேனா?

மூன்றிற்கும் 'ஆம்' என்று சொல்ல இயலாத நாள்கள் பல வரும். எழுதுகின்ற நமக்கும் வருகின்றன. மனந்தளர வேண்டா. மறுநாட் காலையில் பள்ளி மணி மீண்டும் ஒலிக்கும். காலந்தாழ்த்தி ஓடிவரும் தம்பி ஒருவன் வாயிலில் நின்றால், அவனுக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து அமருங்கள். நற்பண்பு அந்த இடத்திலேதான் வேர்விடும்.