இமைப்பொழுதுக் காவல்

நுழையும்முன்

பொருளை ஈட்டுவது ஒரு திறன். ஈட்டியதைக் காப்பது மற்றொரு திறன். திருக்குறளின் ‘கள்ளாமை’ அதிகாரம் பிறர்பொருளை விரும்பாத நெஞ்சைப் போற்றுகிறது. தன்பொருளைக் காக்கும் விழிப்பும் வாழ்வியற் கல்வியே. மின்வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில் அவ்விழிப்பு புதிய வடிவம் பெறுகிறது.

பேட்டையும் வண்டியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ளது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பொன்னேரி, கவரைப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து பணிக்கு வருவோருக்குப் புறநகர்த் தொடர்வண்டி உதவுகிறது. எனினும், நிலையத்திலிருந்து ஆலைவாயிலை அடையவும், இரவுப்பணி முடிந்து வீடு திரும்பவும் இருசக்கர வண்டியே துணை. தவணைக்கு வாங்கிய வண்டி களவுபோனால், வண்டி இல்லாமலும் தவணை தொடரும். வேலைக்குச் செல்லும் வழியும் அடைபடும். களவு பறிப்பது பொருளை மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் அன்றாடத்தையும்தான்.

ஓசையின்மையின் மறுபக்கம்

பெட்ரோல் வண்டி நிற்கும்போதும் அதன் பொறி உறுமிக்கொண்டிருக்கும். அணைக்காமல் இறங்கியவருக்கு அவ்வொலியே நினைவூட்டல். மின்வண்டிக்கு அவ்வொலி இல்லை. மின்னிணைப்பு உயிர்ப்போடு இருந்தாலும் அது உறங்குவதுபோல் தோன்றும். தேநீர்க்கடையில் முதுகைத் திருப்பி நிற்பவர் அறியாமலேயே, கைப்பிடியைத் திருகி ஒருவர் அதனை ஓட்டிச் சென்றுவிட இயலும். ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்னும் எண்ணமே களவுக்குத் திறந்த கதவாகிறது.

நிறுத்தும் முறை

எவ்வளவு குறுகிய நிறுத்தமாயினும் மின்னிணைப்பைத் துண்டித்துத் திறவுகோலை எடுத்தலும், கைப்பிடியைப் பூட்டுதலும் முதற்கடமை. அருகில் வந்ததும் தானே இயங்கவைக்கும் மின்னணுத் திறவுகோலாயின், அதனை இருக்கைக்கடியில் வைத்தல் கூடாது. வைத்தால் வண்டி தன் உரிமையாளர் அருகிலிருப்பதாகவே கொள்ளும்.

சக்கரத்தை மட்டும் பூட்டினால் வண்டி உருளாது. ஆனால், அதனைத் தூக்கிச் சென்றுவிடலாம். எனவே, அசையாத கம்பத்தோடு சட்டகத்தைச் சங்கிலியால் பிணைத்தல் நன்று. நெதர்லாந்தில் மிதிவண்டியின் பின்சக்கரப் பூட்டோடு சங்கிலியையும் சேர்த்துப் பூட்டுவது பரவலான வழக்கம்.

மின்வண்டியின் விலையில் பெரும்பங்கு மின்கலத்தொகுதிக்கு உரியது. கழற்றத்தக்க மின்கலமாயின், அதன் பூட்டைச் சரிபார்த்தல் வேண்டும். நிறுத்தம் நீளுமாயின் அதனைக் கையோடு எடுத்துச் செல்லலாம். புவியிடங்காட்டிக் கருவி போன வண்டியைத் தேட உதவும், போகாமல் தடுக்காது. வண்டியின் மின்கலத்தையே நம்பியிருக்கும் கருவி, அது கழற்றப்பட்டதும் செயலிழக்கும்.

தெரிந்து தெளிவோம்

சொந்தப் பயன்பாட்டிற்குப் பதிவுசெய்யப்பட்ட மின்வண்டியின் எண்பலகை பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்துகளைக் கொண்டது. 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றல், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் முதலிய வரம்புகளுக்கு உட்பட்ட வண்டிக்குப் பதிவு தேவையில்லை. பதிவெண் இல்லாமையால் களவுபோனால் அதனை அடையாளங்காட்டுவது கடினம். ஆதலின், அடிச்சட்ட எண்ணையும் வாங்கிய சீட்டையும் பாதுகாத்தல் இன்றியமையாதது.

சட்டத்தின் துணை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைத் தண்டிக்கிறது. களவு நடந்த எல்லைக்கு அப்பாலுள்ள காவல்நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்குக் களவு இழப்பீடு கிடைக்காது. முழுமைக் காப்பீடே அதற்கு உதவும். திறவுகோலை வண்டியிலேயே விட்டுச் சென்றது தெரியவந்தால் அவ்விழப்பீடும் சிக்கலுக்குள்ளாகலாம்.

பிறர்பொருளும் தம்பொருளே

தொழிற்பேட்டையில் பல மாநிலத்தாரும் பணியாற்றுகின்றனர். வேற்றுமொழி பேசுவோரை ஐயுறுவது காவலாகாது. அவர்களும் உழைத்தே வண்டி வாங்குகின்றனர். மொழி தெரியாது தவிக்கும் ஒருவருக்குப் புகார் எழுத உதவுவதும், திறவுகோலோடு நிற்கும் வண்டியைக் கண்டால் உரியவரை அழைத்துச் சொல்வதும் நல்ல அண்டைமையின் அடையாளங்கள். பூட்டு ஒரு வண்டியைக் காக்கும். அண்டை மனிதரின் அக்கறை ஒரு தெருவையே காக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் வண்டிகள் நிறுத்தப்படும் முறையை உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுக.
2. வண்டியைக் களவு கொடுத்த ஒருவருக்காகக் காவல்நிலையத்திற்குப் புகார்க் கடிதம் வரைக.